மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும்

என் தம்பி திருச்செல்வம் படுக்கையில் விழுந்து நான்காவது மாதம் அவனுடைய மீன்தொட்டியின் வடிகட்டி அடைத்துக்கொண்டது.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் அவன் வீட்டுக் கூடத்தில் இருந்த தொட்டி அது. நாலடி நீளம். உள்ளே கடல்தண்ணீர், ஓட்டை ஓட்டையாகப் பாறைகள், ஆறேழு மீன்கள், முதுகில் வெள்ளைக்கோடு போட்ட ஒரு சிவப்பு இறால், பாசி மேயப் பத்துப் பன்னிரண்டு நத்தைகள். நடுவில் பவளம். அதன் விரல்களின் நுனி சுத்தியல் மாதிரி இருப்பதால் சுத்தியல் பவளம் என்பான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டே தலையோடு வாங்கியது, நாற்பதுக்கு மேல் வளர்ந்திருந்தது. அவனுக்குச் சிங்கப்பூரில் அலங்கார மீன் இறக்குமதி செய்யும் இடத்தில் வேலை. தினமும் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போவான். சம்பளத்துக்கு மீன் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா மீன் பார்க்கிற ஆள் இவர் ஒருத்தர்தான் என்று அவன் மனைவி மலர் கேலி செய்வாள். தொட்டிப் பக்கம் அவளை விடமாட்டான். "தூரமா நின்னு பாரு, போதும்" என்பான்.

மார்ச் மாதம் மூளையில் ரத்தம் அடைத்து வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும்தான். கண் திறந்திருக்கும். எதைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. அவனுக்கு எவ்வளவு புரிகிறது என்று மருத்துவமனையிலும் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புவான் ரொஹானி என்ற சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஆறு மாதம் தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு நிலையம் ஒன்று இருக்கிறது, இடம் குறைவு, சுற்றி நடப்பதைக் கவனிக்கிறார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்றார். எதற்காவது பதில் காட்டுகிறாரா என்று பாருங்கள், ஒன்று கிடைத்தால் அதையே தினமும் செய்யுங்கள் என்றும் சொன்னார். அந்த இடம் கிடைத்தால் அவன் ஒருவேளை எழுந்து உட்காரலாம். கிடைக்காவிட்டால் இந்தக் கட்டில்தான்.

கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டிருந்தோம். மீன் போகிற பக்கம் அவன் கண் போகிறது என்று மலர் சொல்வாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் தொட்டியும் செத்துவிட்டால் அவன் பார்ப்பதற்குச் சுவர்தான் மிஞ்சும். அதனால் வடிகட்டியை நானே கட்டித் தருகிறேன் என்றேன்.

நான் சதாசிவம். தொழிற்சாலையில் குளிர்விக்கும் தண்ணீரின் பராமரிப்பு வேலை. இருபத்தேழு வருஷமாகப் பம்ப், பைப், வால்வு. தண்ணீர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. அதை யாருக்காவது விளக்காவிட்டால் சாப்பாடும் இறங்காது. வடிகட்டியைக் கட்டிய நாட்களில் மலர்தான் அகப்பட்டாள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது விஷம். பாறைகளின் ஓட்டைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று இன்னொன்றாக மாற்றும், அதை வேறு நுண்ணுயிர்கள் தின்று நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். பழைய வடிகட்டி அழுக்கைப் பிடித்துத் தன் வயிற்றிலேயே அழுகவிட்டது. அழுக்கு அழுகும் முன்பே வெளியேற வேண்டும். அதற்குத்தான் கீழே இன்னொரு தொட்டி.

மேல்தொட்டியின் மூலையில் சீப்புப் பல் போல வெட்டிய தடுப்பு வைத்தேன். தண்ணீர் அதன் மேலாக வழிந்து பைப்பில் இறங்கி, அலமாரிக்குள் இருக்கும் மூன்றடித் தொட்டிக்கு வரும். அதில் மூன்று அறை. முதல் அறையில் துணிப்பை, கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு அங்கே நின்றுவிடும். இரண்டாவதில் ஸ்கிம்மர். பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை கட்டுகிறதே, அதைக் கரண்டியால் வழித்து ஊற்றுகிறோமே, அதேதான். ஸ்கிம்மர் காற்றை மிகச் சின்னக் குமிழிகளாக்கித் தண்ணீரில் விடும். கரைந்திருக்கும் கொழகொழப்பு குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேலே ஒரு கிண்ணத்தில் வழியும். இரண்டு நாளில் கிண்ணம் நிறையக் கறுப்புத் தேநீர் போல ஒன்று இருந்தது. மலர் மோந்து பார்த்துவிட்டு, இதையெல்லாம் இவர் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாரா என்று கேட்டாள். மூன்றாவது அறையில் விளக்குப் போட்டுப் பாசி வளர்த்தேன், மிஞ்சிய நைட்ரேட் அதற்குத் தீனி. அங்கிருந்து பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும்.

மின்சாரம் நின்றால்? மேலே ஏற்றும் பைப் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கிக் கூடம் நிறைந்துவிடும். அதற்கு, பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை. மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று நுழையும், உறிஞ்சல் அறுந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டினேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறி, விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கும்போது நின்றது. திரும்பிப் பார்த்தால் மலர் தரை முழுவதும் பழைய கைலிகளை விரித்து வைத்திருந்தாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

உலோகத்தைப் பற்றித் தம்பியின் சிநேகிதன் ஜீவன் முதல் நாளே எச்சரித்திருந்தான். பவளம் விற்கும் சின்னக் கடை வைத்திருப்பவன். செம்பு, பித்தளை எதுவும் தண்ணீரில் படக்கூடாது, மீன் ஓரளவு தாங்கும், நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது என்றான். நான் பிளாஸ்டிக் தவிர எதையும் போடவில்லை. திருகாணிகூட நைலான். கையில் இருந்த நல்ல பித்தளை வால்வு ஒன்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மலருக்கு எல்லாவற்றையும் விளக்கிய நான் இதை மட்டும் சொல்லவில்லை. இது பைப் போடுகிறவன் சமாசாரம், அவளுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

கடைசியாக ஒன்று. தொட்டியிலிருந்து நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பின்கட்டில் ஆர்.ஓ. கருவி மாட்டினேன். அதன் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை முக்கினால் பூஜ்யம் காட்டும். இந்த வீட்டிலேயே இதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது என்று மலரிடம் சொன்னேன். குடிக்கலாமா மாமா என்று கேட்டாள். தாராளமாக, ருசிதான் இருக்காது என்றேன். கீழ்த்தொட்டியில் ஒரு மிதவை வால்வும் வைத்தேன். மட்டம் குறைந்தால் தானே திறந்து நிரப்பிக்கொள்ளும், யாரும் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது வாரம், மேல்தொட்டியிலிருந்து எப்படியோ இறங்கி வந்த ஒரு நத்தை மிதவையில் ஏறி அதை இறுக்கிவிட்டது. காலையில் மட்டம் குறைந்து பம்ப் சத்தம் போட, மலரே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அப்போது திருச்செல்வம் குரல் கொடுத்தான்.

தொழிற்சாலைக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம், இரண்டு முறை, கண் நேராகத் தன் மேல் என்றாள். மறுநாளும் ஊற்றிப் பார்த்தாள், மறுபடி அதே குரல். அந்த ஞாயிற்றுக்கிழமை மிதவை வால்வைக் கழற்றித் துளையை மூடியால் அடைத்துவிட்டேன். கீழ்த்தொட்டியில் ஒரு கோடு போட்டு, இதுவரை ஊற்று, தாண்டாதே என்றேன். கையால் ஊற்றுவதை இயந்திரத்துக்கு மாற்றுவதுதான் என் பிழைப்பு. அன்றைக்குத்தான் தலைகீழாகச் செய்தேன், சந்தோஷமாகவும் செய்தேன்.

நான் வேலையில் இருந்த ஒரு நாள் ரொஹானி வந்தபோது மலர் ஊற்றிக் காட்டினாள். அவன் குரல் கொடுத்தான். அவர் எழுதிக்கொண்டு, நிலையத்துக்குப் பெயர் அனுப்புகிறேன், அடுத்த தடவை இன்னொரு முறை பார்த்து உறுதி செய்தால் போதும் என்றார். குளுவாங்கிலும் தங்காக்கிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மலர் சொல்லிவிட்டாள், அவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று. நாலு லிட்டரையும் காலையில் ஒரே தடவையாக ஊற்றாமல் பகலுக்குள் நாலைந்து தடவையாக ஊற்றத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கிடைத்தது.

ஆறு வாரம் கழித்து நத்தைகள் விழ ஆரம்பித்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்தவை மல்லாந்து கிடந்தன. பிறகு இறால். பிறகு பவளத்தின் விரல்கள் பாதியளவுக்குச் சுருங்கின. வேலை முடிந்து தினமும் சாயங்காலம் போவேன். அம்மோனியா பூஜ்யம். நைட்ரேட் குறைவு. உப்பு சரி, சூடு சரி. ஸ்கிம்மர் அழகாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நான் கட்டியது சொன்னபடி வேலை செய்தது, உள்ளே இருந்தவை செத்துக்கொண்டிருந்தன.

"உன் பைப்புல எங்கேயோ உலோகம் இருக்கு லா" என்றான் ஜீவன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு முழுக்க, மலரை ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசியில், காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன்.

ஏழரை மணிக்கு மலர் சமையலறையிலிருந்து வந்தாள். இடுப்பில் செப்புக் குடம். புளி போட்டு விளக்கியது, கண் கூசியது.

"இதுலயா ஊத்துறே?" என்றேன்.

"எப்பவும் இதுலதான் மாமா. ராத்திரி அந்த மிஷின் தண்ணியைப் பிடிச்சு வச்சுடுவேன். காலையில இவருக்கு ஒரு கிளாஸ், மிச்சம் அதுங்களுக்கு. செப்புத் தண்ணி உடம்புக்கு நல்லதாமே. இவருக்கு ஆகுறது அதுங்களுக்கு ஆகாதா?"

குனிந்து ஊற்றினாள். என் தம்பி குரல் கொடுத்தான். நான் அதை நேரில் கேட்டது அன்றுதான். மலர் சிரித்துக்கொண்டே திரும்பி, இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்றாள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் அவள் மேல் இல்லை, குடத்தின் மேல் இருந்தது. பிறகு என்னிடம் வந்தது. மறுபடி குடத்துக்குப் போனது, மறுபடி என்னிடம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் நாலைந்து தடவை, தன் கண்ணெதிரே செம்பு ஊற்றப்படுவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

இதுவும் விளக்கக்கூடியதுதான். ஒன்றுமே கரையாத தண்ணீர் வெறும் வயிற்றோடு இருப்பது போல, வைத்த பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். புளி, செம்பின் மேல் படிந்த கறுப்பை எடுத்துவிட்டுப் வெறும் செம்பைத் திறந்துவிடும். ஓர் இரவில் இறங்குவது கொஞ்சம்தான், மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு நிற்பது போலவே செம்பும் நிற்கும். நாலு லிட்டர், அறுபது நாள். இந்த வீட்டிலேயே சுத்தமான தண்ணீர் என்று நான் சொன்னதால்தான், இருப்பதிலேயே நல்ல பாத்திரத்தை எடுத்திருக்கிறாள்.

"என்ன மாமா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள்.

பசி என்றேன்.

ஜீவனின் கடையில் செம்புச் சோதனை மருந்து வாங்கித் தொட்டித் தண்ணீரில் விட்டேன். நீலமாயிற்று. அன்று சாயங்காலம் மலரிடம், நான் தெரியாமல் ஒரு பித்தளை வால்வு வைத்துவிட்டேன், அதுதான் காரணம் என்றேன். அவள் கட்டிலருகே போய், "கேட்டீங்களா, அண்ணன்தான் ஏதோ பித்தளையை வச்சுட்டாராம். அவர் என்ன வேணும்னா செஞ்சாரு? கோவிச்சுக்காதீங்க" என்றாள். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜீவனிடமும் அதையே சொன்னேன். "பித்தளையா? நீயா?" என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மிதவை வால்வைத் திரும்ப மாட்டினேன், மலர் இனி ஊற்ற வேண்டாம் என்றேன். செம்பை உறிஞ்சும் பொடியைப் பையில் கட்டிப் போட்டேன். பாதித் தண்ணீரை மாற்றினேன், மூன்று நாள் விட்டு மறுபடி பாதி. தண்ணீரில் இருக்கும் செம்பை இப்படி எடுத்துவிடலாம். பாறைக்குள் ஊறியதை எடுக்க முடியாது. தண்ணீர் சுத்தமானதும் பாறை தான் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். பவளத்தின் சதை தலை தலையாக உரிந்து மிதந்தது. இரண்டு வாரத்தில் வெறும் சுண்ணாம்பு எலும்பு. அந்த இரண்டு வாரமும் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் வரவில்லை. மீன்களை ஜீவன் வாங்கிக்கொண்டான். பாறையை மூட்டை கட்டிப் போட்டேன்.

ரொஹானி வந்த நாளில் தொட்டி காலி. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கையைத் தட்டினார், விளக்கைக் காட்டினார். எதற்கும் அவன் அசையவில்லை. மலர், தண்ணீர் ஊற்றினால் கூப்பிடுவார், நீங்களே பார்த்தீர்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரொஹானி மூன்று வாரம் தவணை கொடுத்தார்.

நான் அவருடன் கார் வரை போனேன். குடத்தைப் பற்றி எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். திறந்த கார்க் கதவை அவர் மறுபடி மூடினார்.

"அப்படியானால் அவருக்கு முழுசாகப் புரிகிறது" என்றார். "ஆனால் நீங்கள் சொல்வதை நான் எழுத முடியாது, அண்ணே. நான் பார்ப்பதைத்தான் எழுத முடியும்."

அவனிடமே கேட்கலாம் என்று போய் உட்கார்ந்தேன். மலர் கடைக்குப் போயிருந்தாள். எனக்குத் தெரியும்டா, நீ கத்தினது எதுக்குன்னு தெரியும், ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடித் திற என்றேன். தினமும் கேட்டேன். அவன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

இரண்டாவது வாரம் மலர்தான் சொன்னாள். சின்னதாகவாவது ஒரு தொட்டி போட்டுக் கொடுங்கள், அவர் முன்னால் நானே ஊற்றுகிறேன் என்று. போட்டேன். இரண்டடித் தொட்டி, புதுப் பாறை, புதுத் தண்ணீர். ஜீவனிடம் மூன்று தலையுள்ள ஒரு சுத்தியல் பவளம் வாங்கினேன். எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டான், ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் அது விரல்களை முழுசாக விரித்தது. கட்டிலிலிருந்து நேராகத் தெரியும்படி வைத்தேன்.

ரொஹானி வருகிற அன்று காலை குடம் புளியில் விளக்கப்பட்டுச் சமையலறையில் இருந்தது. பிளாஸ்டிக் ஜாடியை எடு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஜாடியில் ஊற்றினால் அவன் ஏன் கத்தப் போகிறான்? நான் சொல்லவில்லை.

ரொஹானி கட்டிலின் தலைமாட்டில் பேனாவோடு நின்றார். மலர் குடத்தோடு வந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். "இதோ பாருங்க, ஊத்தப் போறேன்" என்றாள் அவனிடம்.

அவன் கண் பவளத்துக்குப் போனது. அங்கிருந்து குடத்துக்குப் போனது. அதை ரொஹானி பார்த்தாரா என்று தெரியவில்லை, அவர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் என்னிடம் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் விழுந்தது. அவன் என்னையே பார்த்தான், வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

இன்னொரு முறை என்றார் ரொஹானி. மலர் ஊற்றினாள். மூன்றாவது முறையும் ஊற்றினாள். சத்தம் எதுவும் இல்லை. ரொஹானி ஒரு வரி எழுதினார், மலரின் தோளைத் தொட்டார், என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

மலர் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது.

"இன்னிக்கு ஆள் இருந்ததாலதான். வெக்கம்" என்றாள். "நாளைக்கும் ஊத்தட்டுமா மாமா?"

கட்டிலில் அவன் கண் மூடியே இருந்தது. தூங்குகிறவனின் மூச்சு இல்லை அது.

"ஊத்தும்மா" என்றேன்.